குங்குமத்துக்கு விட்ட இடம்

மனிதகுலம் இதுவரை மூன்று முறைதான் உண்மையாகத் தலைநிமிர்ந்திருக்கிறது. முதல் முறை நெருப்பைக் கண்டபோது. இரண்டாம் முறை எழுத்தைக் கண்டபோது. மூன்றாம் முறை, போன ஆடிப்பெருக்கு அன்று காலை ஒன்பதே காலுக்கு, காஞ்சிபுரம் காந்தி ரோட்டில், பேரருள் பட்டு மாளிகையின் முதல் மாடிச் சுவரில் ஐம்பத்தைந்து அங்குல டிவி ஒன்று மாட்டப்பட்டபோது. கடையின் உரிமையாளர் முரளீதரன் மைக்கைப் பிடித்து இப்படித்தான் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் வலது பக்கத்து ஆணி சுவரைப் பெயர்த்துக்கொண்டு வந்தது. டிவி ஒருச்சாய்ந்து நின்றது. மனிதகுலத்தின் சார்பில் வந்திருந்த நாற்பது பேரும் கழுத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு மிச்ச விழாவைப் பார்த்தார்கள்.

டிவி எதற்கு என்று சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர்கள் அந்தக் கடைக்கு மின்னஞ்சலில் புடவை சொல்லி அனுப்புவார்கள். வரும் அஞ்சலைப் பிரித்து, எந்தத் தறிக்குப் போக வேண்டுமோ அந்தத் தறியின் பெயருக்குச் சீட்டு அச்சடித்துத் தள்ளுகிற கம்ப்யூட்டர் கோடு, அதாவது நிரல், ஒன்று உண்டு. அதை எழுதியவள் அபிநயா. ஓர் அஞ்சலில் மூன்று பங்கு. மேலே ஹெடர்: கடையின் இணையப் படிவத்தில் நிரப்பிய பெயர், ஊர், போன் நம்பர், தலைப்பு. நடுவில் பாடி: சொல்ல வந்த சேதி. கடைசியில் அட்டாச்மென்ட்: படமோ மாதிரியோ. அபிநயாவின் கோடு மூன்றையும் வாசித்து, சீட்டின் மேலே ஒன்று, நடுவே ஒன்று, கீழே ஒன்று என்று அச்சடிக்கும். கீழ்த்தளத்தில் நூல் கொடுக்கும் ராமராஜன், சீட்டில் மஞ்சள் குங்குமம் வைத்து, நூலோடு சேர்த்துத் தறிக்காரர் கையில் கொடுப்பார். சங்கதி அவ்வளவுதான்.

"செய்திக்குத் தலை உண்டு, உடல் உண்டு, முந்தி உண்டு. ஆகவே செய்தியும் ஒரு புடவையே!" என்று முரளீதரன் விழாவில் முழங்கினார். புடவைக்குத் தலை எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அதற்குள் தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் வந்துவிட்டது.

அவருக்கு ஒரு மனக்குறை இருந்தது. சின்ன காஞ்சிபுரத்தில் பிறந்து வளர்ந்தவர். கோயிலில் முதல் தீர்த்தம் வாங்குகிற வரிசையில் அவர் குடும்பத்துக்கு மூன்று தலைமுறையாகப் பதினோராவது இடமோ பன்னிரண்டாவது இடமோதான். நல்ல கூட்டமான நாளில் தீர்த்த வட்டில் அவரிடம் வந்து சேரும்போது அதில் துளசி மட்டும் இருக்கும். சொந்தக் கடையிலாவது முதல் மரியாதை தனக்கே வர வேண்டும் என்று அவர் நினைத்ததில் தப்பு சொல்ல முடியாது. "எந்த ஊரிலிருந்து எந்தச் செய்தி வந்தாலும் முதலில் இந்தத் திரைக்கு வரட்டும். அப்புறம்தான் தறிக்கு" என்று உத்தரவு போட்டார்.

டிவிக்கான கோட்டை எழுதியது அவர் மகன் வைபவ். லண்டனில் பதினோரு மாதம் படித்துவிட்டு வந்து, 'தலைமை டிஜிட்டல் அலுவலர்' என்று தடித்த எழுத்தில் அட்டை அடித்து வைத்திருந்தான். அவன் தலைமை தாங்குவதற்கு அந்தத் துறையில் அபிநயா ஒருத்திதான் இருந்தாள். அஞ்சல் வந்ததும் டிவியில் ஒரு தாமரை விரியும், சங்கு ஊதும், அனுப்பியவர் பெயரும் ஊரும் தங்க எழுத்தில் வரும். 'வருக வருக, தர்மபுரி!' கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முரளீதரன் தலையை லேசாக அசைத்து அதை ஏற்றுக்கொள்வார்.

அபிநயாவுக்கு இதிலெல்லாம் கருத்து எதுவும் இல்லை. அவளுக்கு இருந்ததெல்லாம் ஒரு தேதி. சென்னையில் வேலை பார்த்த கம்பெனி கதவை மூடிய பிறகு, தென்னேரியிலிருந்து ஸ்கூட்டியில் வந்து போகிற தூரத்தில் கிடைத்த வேலை இது. ஆறு மாதம் தற்காலிகம். "ஆறு மாசத்துல உங்க கம்ப்யூட்டரால ஒரு புடவை தப்பிப் போனாலும் நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்று முரளீதரன் முதல் நாளே சொல்லியிருந்தார். ஆறு மாதம் சனிக்கிழமையோடு முடிகிறது. கையெழுத்து விழாவிட்டால் பெங்களூர். அங்கே அண்ணன் அஜித் வீட்டு ஹாலில், அண்ணி துணி காயப்போடும் கொடிக்கு நேர் கீழே அவளுக்குப் படுக்கை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ராமராஜன் மாடியேறி வந்தார். அவர் மாடிக்கு வருகிற ஆள் இல்லை. வந்து, துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, தயங்கி நின்றார்.

"அம்மா, சின்னதா ஒரு விண்ணப்பம்."

"சொல்லுங்கண்ணா."

"சீட்டுல நடுவால எடம் வுட்டிருக்கீங்க பாரு, ரொம்ப நல்லாருக்குது. ஆனா இன்னும் ரெண்டு விரக்கடை சேர்த்து வுட்டீன்னா புண்ணியமாப் போவும். குங்குமம் பேர் மேல ஏறிக்கினு போவுது."

"எந்த எடம்?"

"தா, இந்த எடந்தான்" என்று இடுப்பிலிருந்து நாலைந்து சீட்டுகளை எடுத்து மேசையில் பரப்பினார்.

மேலே பெயர், ஊர், போன் நம்பர், தலைப்பு. கீழே படம். நடுவில், சேதி இருக்க வேண்டிய இடத்தில், ஒரு எழுத்துகூட இல்லை. வெள்ளை வெளேரென்று வெறும் தாள். அதன் நட்டநடுவில் வட்டமாக மஞ்சள், மஞ்சளின் மேல் குங்குமம், குங்குமத்தின் மேல் ராமராஜனின் மோதிர விரல் ரேகை.

அபிநயா சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். "எத்தினி நாளா இப்படி வருது?"

"டிவி மாட்டுனதுல இருந்துதாம்மா. முதலாளி சொல்லி வுட்டிருக்கீங்கன்னு நெனைச்சேன். இத்தினி வருஷமா ஓரத்துல ஒட்டிக்கினு வெச்சேன், எழுத்து மேல பட்டுடப்போவுதுன்னு பயந்து பயந்து. இப்பதான் மஞ்சளுக்குன்னு மரியாதையா ஒரு எடம்."

"தறிக்காரங்க யாருமே ஒண்ணும் கேக்கலியா?"

"கேக்காம? குங்குமம் கொட்டுது, கொஞ்சம் கம்மியா வைன்னு ரெண்டு பேரு கேட்டாங்க."

"நூல் கலர் எப்படிக் கொடுத்தீங்க?"

"நான் எங்க கலர் கொடுக்கறேன்? வெள்ளைப் பட்டுதாம்மா கொடுக்கறது. சாயம் தறிக்காரங்க பிள்ளையார்பாளையத்துலயே போட்டுக்குவாங்க. உனுக்குத் தெரியாததா?"

என்ன நடந்திருக்கும் என்று அவளுக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. அஞ்சலின் ஹெடர் கடைவாசல் பலகை மாதிரி. ஆயிரம் பேர் படித்தாலும் எழுத்து தேயாது. பாடி அப்படி இல்லை. அது வட்டிலில் இருக்கிற தீர்த்தம். ஓடி வந்து முதலில் கை நீட்டுகிறவன் கையில் விழுந்துவிடும். அடுத்தவன் நீட்டும்போது வெறும் வட்டில்தான் வரும். இரண்டு பேருக்கும் வேண்டுமென்றால் முதலிலேயே ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு வரி போட வேண்டும். வரி போடாமல் வாசித்தால் முதலில் வாசித்தவன் குடித்தான், அவ்வளவுதான்.

அபிநயா நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். டிவியில் தாமரை விரிந்துகொண்டிருந்தது. முதல் தீர்த்தம் யாருக்குப் போயிற்று என்பதில் அவளுக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

வைபவ் கோட்டைத் திறந்து பார்க்க அப்போது நேரமில்லை. கடையின் அஞ்சல் பெட்டியைத் திறந்தாள். அசல்கள் அங்கே அப்படியே இருந்தன. இருபத்தாறு நாளில் இருபத்து மூன்று அஞ்சல்கள். ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க, அவளுக்கு மூச்சு திரும்பியது. உலகத்தில் யாருமே பாடியில் ஒன்றும் எழுதுவதில்லை. தர்மபுரிக்காரர் மொத்தக் கதையையும் தலைப்பிலேயே அடித்திருந்தார்: 'அம்மா அறுபதாம் கல்யாணம் நீலம் உடம்பு சிவப்பு கரை யானை வேண்டாம் மயில் போதும் முந்தி கனமா அவசரம்'. பாடியில் 'மேலே கண்டபடி'. திருச்சிக்காரர் ஒரு தாளில் கையால் எழுதி, அதைப் போட்டோ பிடித்து, கட்டைவிரலும் சேர்ந்து விழுந்த அந்தப் படத்தை இணைத்திருந்தார். பாடியில் 'இத்துடன்'. இன்னொருவர் பாடியில் இரண்டு கைகூப்பும் படங்கள். இருபத்திரண்டு அஞ்சலில் காணாமல் போனது வெறும் மரியாதைதான்.

இருபத்து மூன்றாவது அஞ்சல், செய்யாறு தையல்நாயகி எழுதியது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. ஒரு கடிதம் எப்படி எழுதப்பட வேண்டும் என்று முப்பத்து நாலு வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர். தானும் அப்படியே எழுதியிருந்தார். தலைப்பு: 'புடவை – தொடர்பாக.' அவ்வளவுதான். இணைப்பில் அவர் அக்காவின் பழைய புடவைப் படம்: மாம்பழ மஞ்சள் உடல், கிளிப்பச்சைக் கரை. பாடியில் மூன்று பத்திகள். இரண்டாம் பத்தி:

'படத்தில் உள்ளவாறே நெய்து தருக. ஆனால் கரை பச்சையாக இருத்தல் கூடாது. அரக்கு நிறமாக இருத்தல் வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் நிச்சயதார்த்தத்துக்கே பச்சை எடுத்துவிட்டபடியால், மகளுக்கு மீண்டும் பச்சை என்றால் பேச்சு வரும். இது மிகவும் முக்கியம்.'

படம் பச்சை என்கிறது. பச்சை கூடாது என்று சொன்ன ஒரே பத்தி தறிக்குப் போய்ச் சேரவில்லை. தையல்நாயகி அன்றைக்குத்தான், சாயங்காலம் நாலு மணிக்கு, புடவையை வாங்கிப்போக வருகிறார்.

சீட்டு போனது பிள்ளையார்பாளையம் பொன்னிக்கு. அபிநயா போன் போட்டாள். 'நீங்கள் அழைப்பவர் வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார்.' மறுபடி போட்டாள். வேறொருவருடன். மூன்றாம் முறையும் வேறொருவருடன். ஸ்கூட்டி சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

பொன்னி வீட்டை அடைந்தபோது மணி பத்தே முக்கால். தறியில் புதுப் புடவை ஏறியிருந்தது. பொன்னி காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் முனிசாமி ஒரு மூலையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தான். சாமி படத்துக்குக் கீழே அலமாரியில், வெள்ளை வேட்டித் துணியில் கட்டின ஒரு மூட்டை.

"அக்கா, அந்தச் செய்யாறு டீச்சர் புடவை..."

"முடிஞ்சிச்சு கண்ணு. தோ, கட்டி வெச்சிட்டேன். மூணு மணிக்கு அவரு எடுத்தாருவாரு."

"ஒரு வாட்டி பார்த்துடட்டா?"

"பாரேன், யாரு வேணாம்னா? பன்னெண்டுக்கு மேல பாரு."

"இப்ப?"

"இப்ப ராகு காலம்மா" என்றான் முனிசாமி, நூலிலிருந்து கண்ணை எடுக்காமல். "பத்தரையிலிருந்து பன்னெண்டு. கல்யாணப் பொண்ணு புடவை. முடிச்சு அவுக்கக் கூடாது."

"அவுக்க வேணாம். கரை இன்னா கலர்னு மட்டும் வாயால சொல்லுங்க. வாய்க்கு ராகு காலம் இல்லியே?"

பொன்னி புருஷனைப் பார்த்தாள். புருஷன் நூலைப் பார்த்தான்.

"சீட்டுல இன்னா இருந்துச்சோ அதான் போட்டேன்" என்றாள் பொன்னி.

சீட்டில் இருந்தது கிளிப்பச்சைப் படம் மட்டும்தான்.

"சீட்டுல இன்னா இருந்துச்சு?"

"நீதானே கண்ணு அனுப்புன? என்னைக் கேக்கறியே!"

சீட்டின் நடுப்பாகம் காலியாகப் போனது என்று அபிநயா வாய்விட்டுச் சொல்ல முடியாது. சொன்னால் பாளையம் முழுக்கப் பரவி மத்தியானத்துக்குள் முரளீதரன் காதுக்குப் போய்விடும். பொன்னியும் எதையோ மறைத்தாள். கேள்வி கேட்கக் கேட்க அவள் முகம் இறுகிக்கொண்டே போனது. அபிநயா சுற்றி வளைத்துப் பார்த்தாள்.

"பச்சை சாயம் இப்பல்லாம் நல்லா புடிக்குதாக்கா?"

"புடிக்குது."

"அரக்கு?"

"அதுவும் புடிக்குது."

"எது அழகா இருக்குது?"

"ரெண்டும் அழகுதான்" என்றாள் பொன்னி. முனிசாமி மூலையிலிருந்து, "இன்னாம்மா, உனுக்குக் கல்யாணமா?" என்றான்.

டீ வந்தது. குடித்தாள். தறிக்குக் கீழே தரையில் வெட்டிப்போட்ட நூல் துணுக்குகள் கிடந்தன. குனிந்து பார்த்தாள். அத்தனையும் கிளிப்பச்சை. மனசுக்குள் அண்ணியின் கொடி ஆடியது. ஈரப் பாவாடை ஒன்று அவள் நெற்றியில் சொட்டியது.

பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு எழுந்து நின்றாள். முனிசாமி போனைப் பார்த்து, "இன்னும் ரெண்டு நிமிஷம்" என்றான். அந்த இரண்டு நிமிஷமும் மூன்று பேரும் மூட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பன்னிரண்டு ஆனதும் பொன்னி கையைக் கழுவிக்கொண்டு, மூட்டையைக் கண்ணில் ஒற்றி, முடிச்சை அவிழ்த்தாள்.

மாம்பழ மஞ்சள். மடிப்பைப் புரட்டினாள். கரை அரக்கு. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாலும் அரக்கு, நிழலில் பிடித்தாலும் அரக்கு. மாப்பிள்ளை வீட்டில் யாரும் வாய் திறக்க முடியாத, நல்ல கெட்டி அரக்கு.

அபிநயா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே ஒரு சொம்புத் தண்ணியை மடமடவென்று குடித்தாள். பாதி சுடிதாரில் போயிற்று.

"இன்னா கண்ணு ஆச்சு உனுக்கு?"

"ஒண்ணுமில்லக்கா. அந்தப் பச்சைத் துணுக்கு?"

"அது இப்ப ஏத்தியிருக்கிற புடவை. ஆரணிக்காரங்களுது."

"சரி, படத்துல பச்சை இருந்துச்சே. அரக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

பொன்னி வாயைத் திறப்பதற்குள் அலமாரியில் இருந்த போன் அடித்தது. முனிசாமி பழக்கதோஷத்தில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டான்.

"பொன்னி, பஸ் ஏறிட்டேன்" என்றது கணீரென்ற ஒரு குரல். வகுப்பறைக் குரல். "கடையில நாம பேசினதைச் சொல்லிக்காதே. சின்னவளுக்கு எடுக்கறப்ப நேரா உன் வீட்டுக்கே வந்துடறேன். இடையில கடை எதுக்கு? என்ன, லைன்ல இருக்கியா?"

லைனில் மூன்று பேர் இருந்தார்கள். முனிசாமி போனை அணைத்துவிட்டு மறுபடி நூல் சுற்றப் போய்விட்டான்.

"சீட்டு மேல போன் நம்பர் போட்டிருக்குதே கண்ணு" என்றாள் பொன்னி கடைசியில். "போட்டிருந்தா கூப்புடாம இருப்பாங்களா? எந்த முகூர்த்தம், பொண்ணு இன்னா கலரு, ரெண்டு வார்த்தை கேட்டா அவங்களுக்கும் ஒரு சந்தோஷம். அப்புடியே அடுத்த தடவை நேரா வாங்கம்மான்னு ஒரு வார்த்தை."

"எல்லாருக்கும் போடுவீங்களா?"

"நான் மட்டுமா? இந்தத் தெருவே போடுது. முதலாளிக்குத் தெரிஞ்சா தறிக்கு நூல் நின்னுடும் கண்ணு. உன் காலைப் புடிச்சுக்கறேன்."

"காலெல்லாம் வேணாம்க்கா. நானும் ஒண்ணு கேக்கறேன். சீட்டுல நடுவுல ஒண்ணுமே வரலேன்னு வெளியில சொல்லாதீங்க."

"நடுவுல இன்னா வரணும்?"

"சேதிக்கா. அவங்க எழுதுன சேதி."

"அய்ய, அது குங்குமம் வெக்கிற எடம் இல்லியா?" என்றாள் பொன்னி.

புடவையை மறுபடி கட்டி அபிநயாவே எடுத்துக்கொண்டாள். திரும்பி வரும்போது ஸ்கூட்டியில் பாட்டு பாடினாள். எதிரே வந்த ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது தையல்நாயகி வந்தார். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். புடவையை விரித்து, கரையை விரலால் நீவி, முந்தியைத் திருப்பி, குறை ஒன்றும் இல்லை என்று தலையாட்டினார். கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அவர் திருத்தாமல் எதையும் விடுகிறவர் இல்லை.

"என் கடிதத்தைக் கொண்டாங்க. ஒவ்வொண்ணா சரி பார்த்துடறேன்."

"ராமராஜா, சீட்டு!" என்று முரளீதரன் கையைத் தட்டினார். "எங்க கடையில அம்மா, வாடிக்கையாளர் எழுதின ஒரு எழுத்துகூட விட்டுப்போகாது. உங்க சேதி முதல்ல என் கண்ணுல பட்டு, அப்புறம்தான் தறிக்கே போறது."

ராமராஜன் பயபக்தியுடன் சீட்டைக் கொண்டுவந்து வைத்தார். தையல்நாயகி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மேலே அவர் பெயர். கீழே அக்கா புடவை. நடுவில் மஞ்சள், குங்குமம்.

"என் மூன்று பத்திகள் எங்கே?"

முரளீதரன் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கமும் வெள்ளை. மகனைப் பார்த்தார். மகன் அபிநயாவைப் பார்த்தான். ராமராஜன், "எடம் இன்னும் கொஞ்சம் பெருசா வுடச் சொல்லியிருக்கேங்க" என்றார்.

மறைப்பதற்கு இனி ஒன்றும் இல்லை என்று ஆனபோது அபிநயாவுக்குத் தைரியம் வந்துவிட்டது. புடவைதான் சரியாக இருக்கிறதே.

"சார், ஹெடரை எத்தனை பேர் வேணா வாசிக்கலாம். பாடி அப்படி இல்லை. தீர்த்தம் மாதிரி. முதல்ல கை நீட்டறவங்களுக்குத்தான். நம்ம டிவி முதல்ல வாங்கிடுது. அப்புறம் சீட்டுக்கு வர்றது வெறும் வட்டில்."

வைபவ் தொண்டையைக் கனைத்தான். "ஆக்சுவலி, இட்ஸ் எ நோன் இஷ்யூ, டாட். ஸ்கேல் பண்றப்போ எல்லா இடத்துலயும் வரும். லண்டன்லயே பார்த்திருக்கேன்." தன் கோடு என்ன வாசிக்கிறது, என்ன வாசிக்கவில்லை என்று அவனுக்குத் தெரியாது. இணையத்தில் கிடைத்ததை எடுத்து, தாமரையை மட்டும் சொந்தமாகச் சேர்த்திருந்தான்.

முரளீதரன் முகத்தில் ஒரு மாறுதல் வந்தது. கோபம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"அப்போ இருபத்தாறு நாளா முதல் தீர்த்தம் நமக்குத்தான் வந்துண்டிருக்கு" என்றார் மெதுவாக.

"ஆமாம் சார்."

"வேற யாருக்குமே கிடைக்கலை?"

"ஒரு சொட்டுகூட இல்லை சார்."

அவர் ஒரு நொடி கண்ணை மூடிக்கொண்டார். மூன்று தலைமுறைத் தாகம். திறந்தபோது பழையபடி மைக் பிடித்த முரளீதரன் ஆகிவிட்டார். "குற்றம் என்னுடையது!" என்றார் கடை முழுக்கக் கேட்கும்படி. "சபையறிய ஒப்புக்கொள்கிறேன். இந்த டிவி இன்றைக்கே இறங்கும். ஆனால் அம்மா, ஒரு எழுத்தும் போய்ச் சேராமல் அந்த நெசவாளி அரக்குக் கரை போட்டாளே, அது எப்படி?"

அபிநயா தரையைப் பார்த்தாள். தையல்நாயகி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சின்ன மகளுக்கும் ஒரு புடவை வேண்டியிருந்தது.

"கைராசிக்காரி" என்றார், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். "எழுதாததையும் படிச்சுடறா."

"பரம்பரை!" என்று முரளீதரன் மேசையில் தட்டினார். அந்த வேகத்திலேயே வேலை நிரந்தரக் கடிதத்தை வரவழைத்து, "முதலாளி என்றும் பாராமல் தவறை நேருக்கு நேர் சொன்ன துணிவுக்காக" என்று மேலே ஒரு வரி சேர்த்து, கையெழுத்துப் போட்டார். ராமராஜன் அதன் ஓரத்தில் குங்குமம் வைத்தார். வைபவ் கைகுலுக்கி, "குட் கேட்ச்" என்றான். அபிநயா தென்னேரிக்குப் போன் போட்டு, பெங்களூர் இல்லை என்று மட்டும் சொன்னாள். மறுமுனையில் அவள் அம்மா கிருஷ்ணவேணி எதையோ கீழே போட்ட சத்தம் கேட்டது.

டிவிக்குப் போகிற வழியை அடைக்க வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருந்தது. தன் மேசைக்குப் போய், வைபவ் எழுதின கோட்டை முதல்முறையாகத் திறந்தாள். மொத்தம் ஒன்பது வரிகள். அனுப்பியவர் பெயர், ஊர், தாமரை, சங்கு. ஹெடரைத் தவிர வேறெதையும் அது தொடவில்லை.

அதற்கு மேலே, அஞ்சல் வந்து விழுகிற இடத்திலேயே, இன்னொரு வரி இருந்தது. நகல் எடுக்காமலே பாடியை முழுசாக முதலில் வாசித்து, யாரும் திறக்காத ஒரு கோப்பில் எழுதி வைக்கிற வரி. பக்கத்தில் ஒரு குறிப்பு: 'டெஸ்ட்டுக்கு மட்டும். நாளைக்கு எடுத்துடணும்.' கோப்பைத் திறந்தாள். இருபத்து மூன்று சேதிகளும் உள்ளே பத்திரமாக இருந்தன: 'மேலே கண்டபடி', 'இத்துடன்', கைகூப்புகள், தையல்நாயகியின் மூன்று பத்திகள்.

முதுகுக்குப் பின்னால் இரண்டு ஆட்கள் டிவியைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார்கள். இந்த முறை ஆணி வர மறுத்தது.

அந்த வரி சேர்க்கப்பட்ட நாள் ஆகஸ்ட் மூன்று, ஆடிப்பெருக்கு, காலை ஒன்பது மணி இரண்டு நிமிஷம். எழுதியவர்: அபிநயா.